சினைநீர்

முட்டையிடும் தறுவாயில் இருக்கும் பெண் சால்மன் மீனின் வயிற்றை மெல்ல நீவினால் ஆரஞ்சு நிற முட்டைகள் வந்து விழும். கூடவே தெளிவான, சற்றே கொழகொழப்பான ஒரு நீரும் வழியும். ஆங்கிலத்தில் அதற்கு ஓவேரியன் ஃப்ளூயிட் என்று பெயர். தமிழில் சினைநீர் என்பதே பொருத்தம் என்பேன்.

லத்தீனில் 'ஓவம்' என்றால் முட்டை. ஓவரி அதிலிருந்து பிறந்தது. நம்மிடம் சினை இருக்கிறது. மீன்கடையில் சினை, மாட்டுக்கொட்டிலில் சினை மாடு, கால்நடை மருத்துவர் போடும் சினை ஊசி, மனித உடலில் சினைப்பை. இலக்கணத்தில் முழுப்பொருளின் உறுப்பும் சினைதான், மரக்கிளையும் சினைதான். ஒன்றிலிருந்து கிளைத்து வருவது என்ற பொருள் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவதாக எனக்குப் படுகிறது. 'கருப்பைத் திரவம்' என்று எழுதுவது பிழை. சால்மனுக்குக் கருப்பையே கிடையாது, முட்டை கருவுறுவது வெளியே தண்ணீரில். சரி, 'சினைப்பை நீர்' என்று எழுதலாமே என்றால், படிப்பவருக்குச் சினைப்பை நீர்க்கட்டிதான் நினைவுக்கு வரும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் விந்தணுப் போட்டி. ஒரே பெண்ணின் முட்டைகளுக்காகப் பல ஆண்களின் விந்தணுக்கள் முந்துவதைக் குறிக்கும் இந்தக் கருத்தை, 1970இல் உயிரியலாளர் ஜெஃப் பார்க்கர் பூச்சிகளை வைத்து விளக்கினார். பெயரில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள். பெண்ணை வெறும் ஓட்டக்களமாகவே நினைக்க வைக்கும் பெயர் அது. அந்த நினைப்பைக் கலைத்தவற்றில் சினைநீரும் ஒன்று.

அட்லாண்டிக் சால்மனும் பழுப்பு டிரவுட் மீனும் ஐரோப்பிய ஆறுகளில் ஒரே இடத்தில் முட்டையிடுபவை. கலந்தால் கலப்புக் குஞ்சுகளும் பிழைக்கும். சால்மன் விந்தணு ஆற்றுநீரில் ஒரு நிமிடம்கூட நீந்தாது. அதற்குள் முட்டையின் ஒரே நுண்துளையை அது கண்டுபிடித்தாக வேண்டும். ஓர் ஆய்வில் இரண்டு இனத்து விந்தையும் கலந்து, வெறும் தண்ணீரில் முட்டைகளோடு சேர்த்தார்கள்: எந்த இனத்துக்கும் முன்னுரிமை இல்லை. சினைநீரைச் சேர்த்ததும், அந்த நீர் எந்த இனத்துடையதோ அந்த இனத்து விந்தணுவே பெரும்பாலும் வென்றது. முட்டை எந்த இனத்துடையது என்பதுகூட இங்கே முக்கியமாக இல்லை! முடிவைத் தீர்மானித்தது அதைச் சூழ்ந்த சினைநீர். இப்படி இணை சேர்ந்த பிறகும் பெண் பக்கம் நடக்கும் தெரிவை 'மறைமுகப் பெண்தேர்வு' எனலாம்.

மத்தியதரைக் கடலில் ராஸ் குடும்பத்துச் சிறுமீன் ஒன்று உண்டு. அதன் ஆண் பாசியால் கூடு கட்டிக் காவல் இருக்கும். சின்ன ஆண்கள் நைசாக நுழைந்து ஏராளமாக விந்தைக் கொட்டிவிட்டு ஓடும். கூட்டுக்காரனின் விந்தணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வேகமானவை. எண்ணிக்கையைவிட வேகத்துக்கே பலன் கூடும்படி சினைநீர் செய்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. முட்டையிட்டதும் பெண் போய்விடும். அப்புறம் அந்த முட்டைகளுக்கு விசிறிக் காற்றோட்டம் தருவது, காப்பது எல்லாம் அந்தக் கூட்டுக்காரன்தான்.