கால் வளையம் போட ஒரு சில நாள்தான்: வேட்டைப் பறவை வளர்ப்போர் கவனத்துக்கு

வளர்ப்பு வல்லூறோ கழுகோ ஆந்தையோ சிகிச்சைக்கு வந்தால், என்ன தொந்தரவு என்று கேட்பதற்கு முன்பே என் கண் அதன் காலுக்குத்தான் போகும். வளையம் இருக்கிறதா, எண் படிக்கும்படி இருக்கிறதா, கொண்டுவந்தவர் கையிலிருக்கும் தாளில் அதே எண்தானா? இதைப் பார்த்த பிறகுதான் இறக்கை, அலகு எல்லாம். சட்டத்தின் வேலையை மருத்துவர் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு பறவை காட்டுக் கூட்டிலிருந்து திருடப்பட்டதா, வளர்ப்பில் பிறந்ததா என்பதை உடம்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயிலும் தெரியாது, வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. இரண்டும் ஒரே இனம், ஒரே இறகு, ஒரே பார்வை. அந்த வித்தியாசத்தை முதலில் சொல்வது காலிலிருக்கும் அடையாளமும் அதோடு ஒத்துப்போகும் பதிவேடும்தான்.

அந்த அடையாளத்தில் முதன்மையானது மூடிய வளையம். வெட்டோ ஒட்டோ இல்லாத ஒரே வட்டமான உலோக வளையம் அது. வளர்ந்த பறவைக்கு அதைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. குஞ்சின் பாதம் இன்னும் மென்மையாக இருக்கும் சில நாட்களில் மட்டும்தான் அது உள்ளே நுழையும். முன்விரல்கள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். பின்விரலைக் காலோடு ஒட்டி மேல்நோக்கி மடித்துவைத்துக்கொண்டு, வளையத்தை அதையும் தாண்டி ஏற்ற வேண்டும். அப்புறம் ஒரு மழுங்கிய குச்சியால் பின்விரலை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை. பெரிகிரின் வல்லூறு அளவுள்ள குஞ்சுக்கு இது இரண்டாவது வாரவாக்கில் அமையும். சின்ன இனங்களுக்கு அதற்கும் முன்பே, பெரிய கழுகுகளுக்குச் சற்றுத் தள்ளி.

முன்னதாகப் போட்டால் வளையம் கழன்று கூட்டில் விழுந்துவிடும். தாமதித்தால் உள்ளே போகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டைப் பறவைகளில் பெட்டை பெரியது, பெரிகிரினில் ஆணைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆணுக்கான வளையத்தைப் பெட்டைக்கு மாட்டினால் கால் வளரும்போது இறுக்கும். பெட்டைக்கான வளையம் ஆணுக்குப் போனால் பிற்பாடு நழுவி வந்துவிடும். பாலினம் நிச்சயமாகத் தெரியாத அந்த வயதில் காலின் பருமனைப் பார்த்து முடிவெடுப்பதற்கு அனுபவம் வேண்டும். முதல்முறை செய்பவர் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. வளையம் போட்ட அடுத்த சில நாட்கள் கூட்டைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பறவை அந்தப் பளபளப்பை ஏதோ வேண்டாத பொருள் என்று எடுத்து வெளியே போடப் பார்க்கும், குஞ்சும் சேர்ந்து இழுபடும்.

சட்டங்கள் இந்தச் சின்ன உலோகத்தை இவ்வளவு நம்புவதற்குக் காரணம் இந்தக் குறுகிய அவகாசம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 865/2006 விதி, வளர்ப்பில் பிறந்த பறவைகளுக்கு இப்படிப்பட்ட மூடிய வளையத்தைத்தான் கேட்கிறது. பறவையின் உடல்வாகோ பழக்கமோ அதற்கு இடம் தராவிட்டால் மட்டுமே மைக்ரோசிப். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, நான்காவது அட்டவணையிலுள்ள பறவைகளைப் பதிவு செய்யாமலும் வளையமோ வேறு அடையாளமோ இடாமலும் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. அதே பிரிவின்படி, பறவைகளைக் காக்கும் சட்ட விதிகளில் குறிப்பிட்ட சிலவற்றை மீறித் தண்டிக்கப்பட்டவர் ஐந்து ஆண்டுகளுக்கு அட்டவணைப் பறவைகளை வைத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பயிற்சிநிலை, பொதுநிலை, தேர்ந்தநிலை என மூன்று படிகளில் வல்லூறைப் பழக்கி அதைக் கொண்டு வேட்டையாடுவதற்கான உரிமம் தருகிறார்கள். எழுத்துத் தேர்வில் குறைந்தது 80 சதவீதம் எடுத்தால்தான் முதல் படி. காட்டிலிருந்து பிடிக்கவும் அனுமதி உண்டு, ஆனால் பெரிகிரின், ஜிர் வல்லூறு, ஹாரிஸ் பருந்து, காஸ்ஹாக் (goshawk) ஆகியவற்றைப் பிடித்தால் திரும்பப் பயன்படுத்த முடியாத எண்ணிட்ட வளையம் கட்டாயம். பறவை கைமாறினாலோ, தப்பினாலோ, இறந்தாலோ, குறித்த கெடுவுக்குள் அறிவிக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கெல்லாம் முன்னால் நிற்கும் கேள்வி, வைத்திருக்கலாமா என்பதே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நாட்டு வல்லூறு, கழுகு, பருந்து, ஆந்தைகளைப் பிடிப்பதே வேட்டைக் குற்றம், வளையம் போட்டு அதைச் சரிக்கட்ட வழியில்லை. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலிலுள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அதை அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2022 திருத்தத்தோடு வந்தது. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எல்லை தாண்டும் பறவைகளுக்கு 1975 முதல் நடப்பிலுள்ள சைட்டிஸ் உடன்படிக்கை பொருந்தும். பெரிகிரினும் ஜிர் வல்லூறும் கடுமையான முதல் பட்டியலில், சேக்கர் வல்லூறு உள்ளிட்ட பெரும்பாலானவை இரண்டாவதில். கலப்பினம் என்றால் விதி தளரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஜிர்-சேக்கர் கலப்பை எடுத்துக்கொண்டால், பெற்றோரில் ஒன்று முதல் பட்டியல் என்பதால் குஞ்சுக்கும் முதல் பட்டியல் விதிதான். அதைவிடப் பரவலான இன்னொரு தவறான எண்ணம், காட்டுக் கூட்டிலிருந்து எடுத்த முட்டையை இன்குபேட்டரில் பொரிக்கவைத்தால் அது வளர்ப்பில் பிறந்ததாகிவிடும் என்பது. ஆகாது. பெற்றோரே மனிதக் கட்டுப்பாட்டில் இருந்து இணைசேர்ந்து முட்டையிட்டிருந்தால்தான் சைட்டிஸ் அதை வளர்ப்புப் பிறப்பு என்று ஒப்புக்கொள்ளும். பெற்றோர் எப்படி வந்தன என்பதற்கும் கணக்கு வேண்டும்.

முட்டைக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2010-இல் பர்மிங்காம் விமான நிலையத்தில் துபாய்க்குக் கிளம்பிய ஒருவரின் உடம்பில் 14 பெரிகிரின் முட்டைகள் கட்டப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். முட்டை கதகதப்பாக இருக்க உடம்புச் சூடே போதும், அங்கே போய்ப் பொரித்தால் வளையமும் போடலாம், தாளும் தயாரிக்கலாம். வளையத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது என்பது இதில் தெரிகிறது. குஞ்சு சரியான வயதில் கையில் கிடைத்துவிட்டால் திருட்டுக் குஞ்சுக்கும் முறையான வளையம் ஏறிவிடும்.

அந்த ஓட்டையை அடைப்பது டிஎன்ஏ. ஸ்காட்லாந்தில் காட்டுக் கூடுகளிலிருந்து பெரிகிரின் குஞ்சுகளை எடுத்து, வளர்ப்பில் பிறந்தவை என்று பதிவு செய்து விற்ற தந்தையும் மகனும் 2024-இல் தண்டனை பெற்றார்கள். பதிவு இருந்தது, வளையம் இருந்தது. பெற்றோர் என்று சொல்லப்பட்ட பறவைகளோடு குஞ்சுகளின் டிஎன்ஏ பொருந்தவில்லை. நேர்மையாக வளர்ப்பவர்களுக்கு இது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். இனப்பெருக்க ஜோடியின் மாதிரியை இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கொஞ்சம் ரத்தம் போதும், பிடுங்கிய இறகின் அடித்தண்டும் போதும். நாளை யாராவது சந்தேகம் கிளப்பினால் அந்த மாதிரியே பதில் சொல்லும். முட்டையிட்ட தேதி, பொரித்த தேதி, வளையம் போட்ட தேதி, பெற்றோரின் எண்கள் ஆகியவற்றை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஒரே பேனாவில் ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பிய பதிவேட்டை எந்த அதிகாரியும் ஒரு பார்வையில் அடையாளம் கண்டுவிடுவார்.

மைக்ரோசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசியளவு கண்ணாடிக் குழல், 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் படிக்கும் கருவிக்கு 15 இலக்க எண்ணைக் காட்டும். பறவைகளுக்கு வழக்கமாக இடது மார்புத் தசையில் போடுவோம். எந்த வயதிலும் போடலாம் என்பது அதன் வசதி. அதுவே அதன் பலவீனமும்கூட, ஏனென்றால் அது பறவை எங்கே பிறந்தது என்று எதுவும் சொல்லாது. ஐக்கிய அரபு அமீரகம் 2002 முதல் வல்லூறுகளுக்குத் தரும் பாஸ்போர்ட்டில் பறவையை அடையாளம் காட்டுவது வளையத்தின் அல்லது சிப்பின் எண்தான், அந்தப் பாஸ்போர்ட்டை மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். என் யோசனை, இரண்டும் இருக்கட்டும். வளையம் தேய்ந்து எண் மங்கினால் சிப் கைகொடுக்கும்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன் எண்ணை நீங்களே படியுங்கள். விற்பவர் வாயால் சொல்வதையும் போட்டோவில் காட்டுவதையும் ஏற்காதீர்கள். பறவையை ஒருவர் பிடித்துக்கொள்ள, காலிலுள்ள தோல் வாரை மேலே தள்ளிவிட்டு, வளையத்தை மெல்லச் சுழற்றி முழு எண்ணையும் பாருங்கள். உள்பக்கம் வெட்டி ஒட்டிய தழும்பு, அராவிய தடம், நீள்வட்டமாக நசுங்கிய வடிவம் ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வளையத்தைப் பாதத்தை நோக்கி லேசாக இழுத்துப் பாருங்கள், விரல் முட்டியைத் தாண்டி வந்தால் அது வளர்ந்த பிறகு மாட்டியதாக இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பெட்டை வல்லூறின் வளையம் இப்படித்தான் என் விரல்நுனியோடு கழன்று வந்தது. வாங்கியவருக்கு எதுவும் தெரியாது, தாள் எல்லாம் பக்காவாக இருந்தது. பறவையும் போய், பணமும் போய், விசாரணைக்கு அலைந்ததுதான் அவருக்கு மிச்சம்.

வளையத்தால் காலுக்குக் கேடு வருவதும் உண்டு. செதில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், கால் வீங்கினால் வளையம் உள்ளே புதையும். வீட்டில் கட்டிங் பிளையரை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். எலும்பு முறிந்து வந்த பறவைகளைப் பார்த்திருக்கிறேன். மயக்கம் கொடுத்து மருத்துவர் வெட்டி எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் எண் தெரியப் படமெடுத்து, காரணத்தை எழுதி, கையெழுத்திட்ட சான்று தர வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போடாமல் உறையிலிட்டு வைத்திருங்கள். அவசரம் இல்லையென்றால் பதிவு அலுவலகத்துக்கு முதலில் தெரிவித்துவிட்டு, அவர்கள் சொல்லும் மாற்று அடையாளத்தோடு செய்வதுதான் முறை.

பறவை இறந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. துக்கத்தில் புதைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் அந்தப் பறவை உயிரோடே இருக்கும், அந்தத் தாளுக்கு வெளியே விலை இருக்கிறது. இறந்த பறவையின் தாளைக் காட்டி, வேறொரு கூட்டிலிருந்து எடுத்த உயிருள்ள பறவையை நடமாடவிடுவது பழைய தந்திரம். ஆகவே இறப்பை உடனே அறிவித்து, விதி கேட்டால் வளையத்தையும் சான்றிதழையும் திருப்பிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பறவை பறந்து போய்விட்டாலும் இதேதான். திரும்பி வரும் என்று காத்திருக்கலாம், ஆனால் தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். யாராவது கண்டெடுத்தால் அந்த எண்ணை வைத்து உங்களைத் தேடி வருவதற்கும் அதுதான் வழி.