ஜூரோங்கைப் படிக்க ஜூரோங்குக்கே போக வேண்டும்

வட்டார வளர்ச்சி பற்றி ஆய்வு செய்யச் சொன்னால், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் முடிவுரையை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரின் மேற்கில் சதுப்பு நிலமாக இருந்த ஜூரோங், 1961இல் தொடங்கிய பணிகள், தொழிற்பேட்டைகளை நிர்வகிக்க 1968இல் அமைந்த ஜேடிசி என்ற அரசாங்கக் கழகம், இன்று மாபெரும் தொழிற்பேட்டை. தகவல் அத்தனையும் சரி. ஆனால் இதை வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாமே, வெயிலில் அலைந்தது எதற்கு? புவியியல் ஆசிரியராக நான் பெற்றோரிடமும் இளம் ஆசிரியர்களிடமும் விடாமல் வலியுறுத்துவது ஒன்றுதான். "இல்லை" என்றும் பதில் வரக்கூடிய கேள்வியைத்தான் பிள்ளைகள் களத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஜூரோங்கின் வரலாற்றிலேயே அப்படிப்பட்ட கேள்வி இருக்கிறது. ஆரம்பத்தில் ஆலைகள் மெதுவாகத்தான் வந்தன. அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் திட்டத்தை "கோவின் மடத்தனம்" என்றுகூடப் பேசினார்கள். ஆலைகள் வந்த பிறகும் அங்கே குடியேற மக்கள் தயங்கினார்கள். தொலைவு, கடை கண்ணி போதாது, பொழுதுபோக்க இடமில்லை. வேலைக்கு வந்து போனார்களே தவிர, வீடெடுத்துத் தங்கவில்லை. 1971இல் பறவைப் பூங்காவும், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திரையரங்கும், அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியத் தோட்டமும் சீனத் தோட்டமும் ஜூரோங்குக்கு வந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். அந்தத் திரையரங்கு எப்போதோ மூடியாகிவிட்டது, பறவைப் பூங்காவும் 2023இல் மண்டாய்க்குப் போய்விட்டது. ஆகவே நான் மாணவர்களிடம் கொடுக்கும் கேள்வி: வேலை முடிந்த பிறகும் ஜூரோங்கில் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் யார், எதற்காக இருக்கிறார்கள்?

இதற்குப் பதில் தேடும்போது நம் பிள்ளைகளிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது, தமிழ். அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் அண்ணன்மார் ஏராளம். ஆனால் மொழி தெரிந்தால் மட்டும் பேட்டி நன்றாக அமைந்துவிடாது. "இந்த வட்டாரத்தின் வளர்ச்சியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று மேடைத் தமிழில் கேட்டான் ஒரு மாணவன். "நல்லா இருக்கு தம்பி" என்று பதில் வந்தது. அதோடு முடிந்தது பேச்சு. பக்கத்தில் இருந்த மாணவி, "நேத்து வேலை முடிஞ்சு எங்கண்ணே போனீங்க?" என்று கேட்டாள். எந்தப் பேருந்தில் ஏறினார், எங்கே சாப்பிட்டார், காய்கறி எங்கே மலிவு, ஞாயிற்றுக்கிழமை ஏன் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கே போகிறார் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் குறிப்பேட்டில் இருந்ததை அப்படியே வரைபடத்தில் ஏற்ற முடிந்தது. கருத்துக் கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். நடந்ததைக் கேட்டால் இடம், நேரம், காசு எல்லாம் தானாக வந்து விழும்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்குப் பார்த்த பேருந்து நிறுத்தத்தை மாலை ஏழு மணிக்கும், விடுமுறை நாளிலும் பார்க்க வேண்டும். ஒரே பொழுதில் பார்த்துவிட்டு "இந்தப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று எழுதும் ஆய்வை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். யாரெல்லாம் பேச மறுத்தார்கள் என்பதும் ஆய்வில் பதிவாக வேண்டும். அவசரமாகப் போனவர்களை விட்டுவிட்டு, ஓய்வாக உட்கார்ந்திருந்த மூத்தோரிடம் மட்டும் பேசினால் கிடைப்பது ஜூரோங்கின் ஒரு பாதிதான்.

திரும்பி வந்த பிறகு பழைய சான்றுகளைத் தேடலாம். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் உள்ளன. பாட்டி தாத்தாவில் யாராவது அங்கே வேலை பார்த்திருந்தால், அந்த இதழ்களை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். சிலர் ஒரு விளம்பரத்தைப் பார்த்தே அரை மணி நேரம் பேசுவார்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நாம் யார், எந்தப் பள்ளி, எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். பெயர், முதலாளி, வேலை அனுமதிச் சீட்டு, சம்பளம் எதையும் கேட்கக் கூடாது. முகம் தெரியும்படி படம் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு, "நான் இப்படிச் சொன்னது கம்பெனிக்குத் தெரிந்தால்?" என்ற பயம் இருக்கும். ஒரு மாணவனின் மதிப்பெண்ணுக்காக அவர் அந்தப் பயத்தைச் சுமக்கக் கூடாது. பேட்டி பாதியில் இருக்கும்போது அவர் "வேணாம் தம்பி" என்று சொன்னால், அந்தப் பக்கத்தை அவர் கண்முன்னாலேயே கிழித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.