கன்று ஈனும் மாதத்தில் வரும் கடிதம்

நோர்வேயில் நிலப் பயன்பாட்டு வரைபடம் போடுவது என் வேலை. ஓர் இடத்தில் காற்றாலையோ சாலையோ மின்கம்பித் தடமோ வரப்போகிறது என்றால், அந்த நிலத்தை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். வடக்கே போகப் போக அந்த 'யார்' பெரும்பாலும் சாமி மேய்ப்பர்கள். (நாம் கும்பிடும் சாமி அல்ல. நோர்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா நான்கின் வடபகுதியிலும் வாழும் பழங்குடி மக்கள்.) நோர்வேயில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் துருவ மான்கள். பெரும்பங்கு வடகோடியில் உள்ள பின்மார்க் பகுதியில்.

முதல் கூட்டத்திலேயே ஒரு முட்டாள்தனம் செய்தேன். வயதான மேய்ப்பர் ஒருவரிடம், "உங்களுக்கு எத்தனை மான் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். "மரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேங்க் பாலன்ஸ் விசாரிப்பது மாதிரி என்று அப்புறம் ஒருவர் விளக்கினார்.

ஆனால் அரசின் கணக்கு முழுவதும் அந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

மேய்ப்பர்களுக்கு இடமே தரவில்லை என்று சொல்ல முடியாது. 1976 முதல் அவர்களுடைய தேசிய சங்கமும் அரசும் உட்கார்ந்து பேசித்தான் மானியம் முதலியவற்றுக்கு ஒப்பந்தம் போடுகின்றன. 2007ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே மந்தையாக மேய்க்கும் 'சீடா' என்ற பழைய கூட்டமைப்பை அது அங்கீகரித்தது. ஒவ்வொரு மேய்ச்சல் வட்டாரமும் தன் விதிகளைத் தானே எழுதலாம், அதிகபட்சம் எத்தனை மான் என்பது உட்பட. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியதை மேலே உள்ள அரசு அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் சிக்கல். ஏற்காவிட்டால் எண்ணை மேலிடமே தீர்மானிக்கலாம். மந்தை அந்த எண்ணைத் தாண்டியிருந்து, யார் எவ்வளவு குறைப்பது என்று சீடாவுக்குள் உடன்பாடு வராவிட்டால், எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும்.

ஒரே விகிதம் என்றால் நியாயம்தானே என்று தோன்றும். யொவ்ஸ்ஸெத் ஆன்தே சாரா என்ற இளம் மேய்ப்பரின் வழக்கைப் பாருங்கள். 116 மான் வைத்திருந்தவரை 75க்கு இறங்கச் சொன்னார்கள். 600 வைத்திருப்பவர் அதே விகிதத்தில் குறைத்தால் கிட்டத்தட்ட 390 மிஞ்சும், பிழைத்துக்கொள்வார். 75ஐ வைத்துக்கொண்டு தொழிலில் நிற்க முடியாது என்று சாரா வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட் இரண்டிலும் ஜெயித்து, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய அக்கா, கலைஞர் மாரெத் ஆன்னே சாரா, மானின் மண்டையோடுகளைத் திரைச்சீலை போலக் கோர்த்து நாடாளுமன்றத்தின் முன் தொங்கவிட்டது அப்போதுதான்.

எண்ணிக்கையை வைத்துப் பேசும்போது எது விட்டுப்போகிறது? சாமி மொழியில் 'குவோஹ்துன்' என்று ஒரு சொல் உண்டு. மேய்ச்சல் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். தீவனம் இருக்க வேண்டும், பனிக்கு அடியிலிருந்து மான் அதைத் தோண்டி எடுக்கவும் முடிய வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் குவோஹ்துன். குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து உறைந்தால் நிலத்தின் மேல் கண்ணாடி போல ஒரு பனிக்கட்டி அடுக்கு படிந்துவிடும். கீழே மான் தின்னும் லைக்கன் (பாசி போல நிலத்தில் படர்வது) ஏராளமாக இருக்கும், மானின் வாய்க்கு எட்டாது. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்திலிருந்து நான் போடும் வரைபடத்தில் அந்த இடம் நல்ல மேய்ச்சல் நிலம் என்றே இருக்கும். அந்த அடுக்கை உடைக்கப் பலம் உள்ளவை, காயடித்த பெரிய ஆண் மான்கள். அவை தோண்டிய குழியில் மற்றவையும் மேயும். ஆனால் இறைச்சி உற்பத்தியைக் கூட்டச் சொல்லும் அதிகாரிகள் பல காலமாகப் பரிந்துரைப்பது, பெண் மான்களை அதிகம் வைத்துக்கொண்டு கன்றுகளை வெட்டுங்கள் என்பது. அந்தக் கணக்கில் காயடித்த ஆண் மான் தண்டச்சோறு.

அடுத்தது காலம். மே மாதம் மான்கள் கன்று ஈனும், மேய்ப்பர் மலையில் இருப்பார். எங்களைப் போன்றவர்களின் கருத்துக் கேட்புக் கடிதம் சரியாக அப்போதுதான் போகும், ஆறு வாரக் கெடுவோடு. அதுவும் அலுவலக நோர்வேஜிய மொழியில். பதில் வராவிட்டால் அறிக்கையில் 'ஆட்சேபம் வரவில்லை' என்று ஒரு வரி. நானே எழுதியிருக்கிறேன்.

அப்படிப் போகும் வழி எங்கே முடியும் என்பதற்கு மத்திய நோர்வேயின் ஃபோசென் பகுதி இருக்கிறது. ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்ற இரண்டு காற்றாலைப் பூங்காக்கள், மொத்தம் 151 காற்றாடிகள். வழக்கு நடக்கும்போதே கட்டி முடித்துவிட்டார்கள். குளிர்கால மேய்ச்சல் போனால் என்ன, வேலிக்குள் வைத்துத் தீவனம் போடலாம், அதற்குப் பணம் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு, சாமி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, உரிமம் செல்லாது என்றது. காற்றாடிகள் நிற்கவில்லை. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். மேய்ப்பர்களோடு உடன்பாடு வந்தது 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும்தான்.

என் கையில் சட்டம் இல்லை, வரைபடம்தான் இருக்கிறது. அதில் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். மே மாதம் கடிதம் அனுப்புவதில்லை. திட்டத்தின் கோடு விழுவதற்கு முன்பே, வெறும் மேடு பள்ளம் மட்டும் உள்ள தாளோடு போகிறேன். எத்தனை மான் என்று கேட்பதில்லை. "மழை உறைந்த வருஷம் மந்தையை எங்கே ஓட்டிக்கொண்டு போனீர்கள்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் விரல் போய் நிற்பது, என் பழைய வரைபடத்தில் வண்ணமே அடிக்காமல் விட்டிருந்த இடத்தில்.