சிங்க்கில் தள்ளாதீர்கள், வாளியில் கொடுங்கள்

நான் டர்பனில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் துறையில் வேலை பார்க்கிறேன். தீபாவளி முடிந்த வாரம் எங்கள் அடைப்பு எடுக்கும் ஆட்களுக்குத் தூக்கமே கிடையாது. இந்த முறை சாட்ஸ்வர்த்தில் ஒரு தெருவில் மேன்ஹோல் பொங்கி, கழிவுநீர் சரிவில் இறங்கி ஓடையில் கலந்துகொண்டிருந்தது. குழாயிலிருந்து எடுத்துப் போட்டதைப் பார்த்தேன். சாம்பல் வெள்ளையாக, மெழுகு மாதிரி இறுகிய கொழுப்பு. அதற்குள் சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை. யார் வீட்டுக் கழிவு என்று விசாரிக்கவே வேண்டாம், நம் வீட்டுக் கழிவுதான்.

அதைவிட வருத்தம் தந்தது அங்கே நின்ற ஆன்ட்டி சொன்னது. "நீதானேம்மா கோயில் கூட்டத்துல சொன்னே, சாப்பாட்டுக் கழிவுல கேஸ் எடுக்கலாம்னு? அதான் குப்பையில போடாம சிங்க்ல தள்ளினோம்." இதே பேச்சை டர்பன் பக்கத்து பீனிக்ஸிலும் வெரூலத்திலும் கேட்டுவிட்டேன். இனி எழுதிவிடுவதே நல்லது.

கேஸ் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சிங்க்கில் போனது நேரே டைஜெஸ்டருக்கு, அதாவது கழிவைச் செரிக்க வைத்து கேஸ் எடுக்கும் மூடிய தொட்டிக்கு, வருவதில்லை. முதலில் கிலோமீட்டர் கணக்கில் குழாயில் போக வேண்டும். எண்ணெய் வழியிலேயே குளிர்ந்து சுவரில் ஒட்டும். கான்கிரீட்டில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கெட்டிச் சோப்பாக மாறும். "சுடுதண்ணி ஊத்தினா போயிடும்" என்கிறீர்களே, எங்கே போகும்? உங்கள் வீட்டுக் குழாயைத் தாண்டி, தண்ணீர் ஆறுகிற இடத்தில் இறுகும். அது பெரும்பாலும் அடுத்த வீட்டு வாசல். பாத்திரச் சோப்பும் அப்படித்தான், எண்ணெயைக் கொஞ்ச தூரம் தள்ளிவிடுமே தவிரக் கரைத்து ஒழிக்காது. சிங்க்கில் மாட்டும் அரைக்கும் மிஷினும் இதற்குத் தீர்வு இல்லை. அரைத்த கொழுப்பும் கொழுப்புதானே!

தப்பித்து எங்களிடம் வந்து சேர்ந்தாலும், அடியில் படிகிற பங்குதான் டைஜெஸ்டருக்குப் போகும். கரைந்ததெல்லாம் ஏரேஷன் தொட்டிக்கு வரும். அங்கே காற்று ஊதி ஊதித்தான் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். இப்படி ஓடும் நிலையங்களில் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி காற்று ஊதவே செலவாகிறது. ஆக, நீங்கள் கேஸாகும் என்று அனுப்பிய சோறு எங்கள் கரண்ட் பில்லைத்தான் ஏற்றுகிறது. அதே சோறு வாளியில் தனியாக வந்து, காற்றுப் புகாத டைஜெஸ்டரில் 35 டிகிரிச் சூட்டில் மூன்று வாரம் கிடந்தால் மீத்தேன் தரும். அந்த மீத்தேனில் மின்சாரம் எடுக்கலாம், ஜொஹானஸ்பர்க்கின் வடக்குக் கழிவுநீர் நிலையத்தில் கழிவுநீர்க் கசடின் மீத்தேனில் அப்படி எடுத்தும் காட்டியிருக்கிறார்கள்.

உணவுக் கழிவைத் தனியாகச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இனாண்டா அணையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கொழுப்பது தண்ணீரில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்றுதான். இவற்றைப் பாக்டீரியாவைக் கொண்டே நீக்கும் பார்டென்ஃபோ முறையை 1970களின் தொடக்கத்தில் பிரிட்டோரியாவில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பார்னார்ட். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அந்தப் பாக்டீரியாவுக்குக் கார்பன் தீனி வேண்டும். கழிவுநீரில் அது போதாதபோது பல நிலையங்கள் மெத்தனாலையோ அசெட்டிக் அமிலத்தையோ காசு கொடுத்து வாங்குகின்றன. உணவுக் கழிவைப் புளிக்க வைத்தாலே அதற்கு ஏற்ற அமிலங்கள் கிடைத்துவிடும். ஆனால் அளந்து, சரியான தொட்டியில், சரியான நேரத்தில் விட வேண்டும். கண்ட நேரத்தில் சிங்க் வழியாக வந்தால் அது தீனி இல்லை, சுமை.

சரி, என்ன செய்யலாம்? சட்டியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்து, பேப்பரைக் குப்பையில் போடுங்கள். முறுக்கும் சமோசாவும் பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி, பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் கொடுங்கள். விசாரித்துக் கொடுங்கள், பழைய எண்ணெயை வடிகட்டித் திரும்ப விற்கிறவர்களும் இருக்கிறார்கள். தெருவோர மழைநீர் வடிகாலில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். அது எங்களிடம் வருவதே இல்லை, நேரே ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

கோயில் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆடிக் கூழில் மிஞ்சியது, அன்னதானச் சோறு, காய்கறித் தோல் எல்லாம் டைஜெஸ்டருக்கு அருமையான தீனி. பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, பம்பை உடைத்துவிடும். வாழை இலை வேண்டாம், நார் சீக்கிரம் செரிக்காது, கம்போஸ்டில் போடுங்கள். எல்லா நிலையமும் வெளிக்கழிவு வாங்குவதில்லை, கேட்காமல் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். திடீரென்று ஒரே நாளில் கொட்டினால் டைஜெஸ்டர் புளித்துப்போய் கேஸ் நின்றுவிடும்.

மேற்குக் கேப் மாகாணம் 2027க்குள் உணவுக் கழிவு போன்ற மக்கும் குப்பை எதுவும் குப்பைமேட்டுக்குப் போகக்கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறது. இங்கேயும் தனியாகச் சேகரிக்கச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். நாலைந்து கோயில்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கேட்பார்கள். கடிதத்துக்கு விவரம் வேண்டுமென்றால் நானே வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.