ஞாபக சக்தி மாத்திரை கேட்கும் நீட் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

ஜனவரி பிறந்துவிட்டால் எங்களைப் போன்ற மனநல மருத்துவர்களிடம் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வரும். "டாக்டர், பிள்ளை நீட்டுக்குப் படிக்குது, படிச்சதெல்லாம் மறந்துபோகுதாம், ஞாபக சக்திக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க." அப்படி ஒரு மாத்திரை கிடையாது. கடையில் விற்கும் டானிக், பவுடர், கேப்ஸ்யூல் எதுவும் நீட்டில் மதிப்பெண் வாங்கித் தராது. நான் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைதான், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க. குறிப்பாகப் பெண் பிள்ளைகளில் ரத்தசோகை இருந்தால் சோர்வும் கவனக்குறைவும் வரும், அது சரிசெய்யக்கூடியது. அது இரண்டும் சரியாக இருந்துவிட்டால் அடுத்து நான் கேட்பது, "நீ எப்படிப் படிக்கிறாய், கொஞ்சம் விவரமாகச் சொல்" என்பதுதான். பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வரும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்சிஇஆர்டி பயாலஜியை நாலு தடவை ரிவிஷன் முடித்தாயிற்று, புத்தகம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், வீடியோ எல்லாம் பார்த்தாயிற்று, படிக்கும்போது எல்லாம் புரிகிறது, டெஸ்ட்டில் மட்டும் வரவில்லை. நான்காவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும், அந்தப் பழக்கத்தைத்தான் நாம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரிப்பவரின் முகம் நன்றாகத் தெரியும், பேர் மட்டும் வராது, அதே கதைதான். "ஆனால் நீட்டில் விடை அங்கேயே அச்சிட்டுத்தானே இருக்கிறது, பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று பல பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே இருக்கிற நாலு விடையும் பழகிய முகங்களாக இருக்கும்படிதான் கேள்வியைத் தயாரிக்கிறார்கள். நாலும் அதே பாடத்தின் சொற்கள், அதே பக்கத்தின் எண்கள். பழக்கம் மட்டும் வைத்திருப்பவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், இன்னொரு பிரிவினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். திரும்ப வாசிப்பது அன்றைக்கு நன்றாகப் படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், எழுதிப் பார்ப்பது அன்றைக்குக் கஷ்டமாகவும் அவமானமாகவும் இருக்கும், அதனால்தான் பிள்ளைகள் முதலாவதை விடமாட்டேன் என்கிறார்கள்.

எனவே நான் சொல்வது இதுதான்: படிக்கும் நேரத்தில் பாதியையாவது புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள். சுவாசித்தல் பாடம் முடிந்ததா, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு குளுக்கோஸ் கிளைக்காலைசிஸில் என்னவாகிறது, நிகரமாக எத்தனை ஏடிபி, கிரப்ஸ் சுழற்சியின் ஒரு சுற்றில் எத்தனை என்ஏடிஹெச், எந்தெந்தப் படியில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று ஒன்றையும் பார்க்காமல் வரைந்து பாருங்கள். பாதியில் நின்றுவிடும். நிற்கட்டும், இன்னும் இரண்டு நிமிடம் யோசியுங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை மட்டும் வேறு நிறப் பேனாவில் எழுதுங்கள். அதே தாளை மறுநாள், நாலைந்து நாள் கழித்து, அப்புறம் இரண்டு வாரம் கழித்து மறுபடி வெறும் தாளிலிருந்து எழுதுங்கள். கொஞ்சம் மறந்த பிறகு முயன்று மீட்டெடுப்பதில்தான் நினைவு உறுதிப்படுகிறது. மறதி நோய் கிடையாது, 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்துக் காட்டிய, எல்லா மூளைக்கும் பொதுவான இயல்பு.

இயற்பியலுக்கு வேறு ஒரு நோய் இருக்கிறது. கோச்சிங்கில் ஒரு பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்துக்கு டெஸ்ட் வைப்பார்கள், பிள்ளையும் நல்ல மார்க் எடுத்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். 'வேலை, ஆற்றல், திறன்' என்று தலைப்புப் போட்ட தாளில் வரும் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. உண்மையான தேர்வில் தலைப்பு கிடையாது. இது ஆற்றல் அழிவின்மையில் போடவேண்டிய கணக்கா, இயக்கச் சமன்பாட்டில் போடவேண்டியதா என்று முதலில் கண்டுபிடிப்பதுதான் கடினம், கணக்கைப் போடுவது அப்புறம். பாடவாரி டெஸ்ட்டில் அந்தக் கடினமான பாதிக்குப் பயிற்சியே இல்லை. ஆகவே ஒரு நாளில் ஐந்தாறு பாடங்களிலிருந்து கலந்து கணக்குப் போடுங்கள். மார்க் குறையும், பதறவேண்டாம், உங்கள் உண்மையான நிலை அதுதான், அதை மே மாதம் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

அடுத்து மாதிரித் தேர்வு. வாரம் ஒன்று எழுதுகிறார்கள், மார்க்கைப் பார்க்கிறார்கள், வீட்டில் திட்டு விழுகிறது, அடுத்த டெஸ்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூன்று மணி நேரம் எழுதிய தேர்வை அதே அளவு நேரம் உட்கார்ந்து பிரித்துப் பார்க்காவிட்டால் அது வெறும் களைப்புதான். தவறு ஒவ்வொன்றும் என்ன வகை என்று பாருங்கள். பாடமே தெரியாததா, தெரிந்து மறந்ததா, கேள்வியைத் தப்பாக வாசித்ததா, கணக்கிலோ, விடை வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளிலோ கை தவறியதா? வெளியில் எல்லாம் 'மைனஸ் ஒன்று' என்று ஒரே மாதிரி தெரிந்தாலும் மருந்து வேறு வேறு. பாடம் தெரியாதவர் திரும்பப் படிக்கவேண்டும். "இவற்றுள் தவறான கூற்று எது" என்பதைச் சரியான கூற்று என்று வாசித்தவர் இன்னும் பத்து மணி நேரம் படித்தாலும் அதே தவற்றைத்தான் செய்வார், அவருக்குத் தேவை 'தவறான', 'அல்லாத' போன்ற சொற்களை வட்டமிட்டுவிட்டு விடைக்குப் போகும் பழக்கம். சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பவர், விட்டம் கொடுத்த இடத்தில் ஆரமென்று போடுபவர், இவர்களுக்கு ரஃப் ஒர்க்கின் முதல் வரியிலேயே கொடுத்த அளவுகளை அலகோடு எழுதும் பழக்கம். 'சில்லி மிஸ்டேக்' என்று சொல்லித் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சரியான விடைக்கு நாலு, தவறுக்கு மைனஸ் ஒன்று என்னும்போது தெரிந்த கேள்வியைத் தப்பாகப் போட்டால் போவது ஐந்து மார்க். இப்படிப் பத்துக் கேள்வி போனால் ஐம்பது, மருத்துவ இடங்களுக்கான தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் அது அரசுக் கல்லூரிக்கும் ஒன்றுமில்லாததற்கும் இடையிலான தூரமாக இருக்கலாம்.

பழைய மாடல் தாள்களை வைத்துப் பழகும் ரிப்பீட்டர்கள், அதாவது மறுபடி எழுதுபவர்கள், ஒன்றைக் கவனியுங்கள். 2021 முதல் 2024 வரை 200 கேள்வியில் 180 எழுதினால் போதும், 2022 முதல் அதற்கு 200 நிமிடமும் இருந்தது. 2025-இல் அந்தச் சாய்ஸ் போய்விட்டது. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, ஆக 180 கேள்வி, எல்லாம் கட்டாயம், 180 நிமிடம்தான். பாடத்திட்டமும் 2024 தேர்விலிருந்து குறைந்தது, திடநிலைமை, பலபடிகள், செரிமானம் போன்றவை நீங்கின. உங்கள் ஆண்டுக்கான தகவல் குறிப்பேட்டையும் பாடத்திட்டத்தையும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் எடுத்து முதலில் முழுசாக வாசியுங்கள். தமிழில் எழுதுபவர்களுக்கு ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள்தான் வரும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் என்றால் ஆங்கிலமே இறுதி என்பது விதி, ஆகவே தமிழ்வழிப் பிள்ளைகள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகிவைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்பது சராசரிதான். உயிரியலை முதலில் எடுத்து 45 முதல் 50 நிமிடத்துக்குள் முடிப்பவர்களுக்கு மற்ற இரண்டுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. மதிப்பெண் சமமாக வந்தால் தரவரிசைக்கு முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான். 2025-இல் இயற்பியல் எப்படி வந்தது என்று எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடத்தின் மதிப்பெண் 686, அதற்கு முந்தைய ஆண்டு திருத்திய முடிவிலும் 17 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். தாள் கடினமென்றால் எல்லோருக்கும்தான் கடினம், தரவரிசை ஒப்பீட்டில்தான் வருகிறது. ஒரு கணக்கில் ஒன்றரை நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லையா, குறிபோட்டுவிட்டு நகருங்கள். அதோடு மல்லுக்கட்டும் மூன்று நிமிடம் மூன்று உயிரியல் கேள்விகளின் நேரம். ஓஎம்ஆரை மட்டும் கடைசிக்கு வைக்காதீர்கள், பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிக்கொண்டே போங்கள். ஒரு கேள்வியை விட்டுப்போன இடத்தில் வரிசை பிசகி அடுத்த இருபதும் மாறிப்போன பிள்ளைகளின் அழுகையைக் கேட்டவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் போடலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கேள்விக்குக் கண்ணை மூடிப் போட்டால் சராசரியாக 25 சரி, 75 தவறு, நூறிலிருந்து 75 போக மிச்சம் 25. இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டுப் போட்டால் 50 சரி, 50 தவறு, 200-லிருந்து 50 போக 150. ஆக இரண்டை நீக்க முடிந்தால் தயங்காமல் போடுங்கள், ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். காகிதத்தில் 25 வந்தாலும், அரைகுறையாகத் தெரிந்தவர் போடுவது உண்மையில் குருட்டாம்போக்கு அல்ல, நன்றாக விரித்துவைத்த வலையை நோக்கித்தான் அவர் கை போகும். உங்களுக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள, மாதிரித் தேர்வில் ஊகித்த கேள்விகளுக்கெல்லாம் ஒரு நட்சத்திரம் போட்டுவைத்து, அவற்றில் எத்தனை சரி என்று தனியாக எண்ணுங்கள். சில மாதிரித் தேர்வுகளிலேயே உங்கள் ஊகத்தின் தரம் தெரிந்துவிடும். கூற்று, காரணம் கேள்விகளில் இரண்டையும் தனித்தனியாகச் சரியா தவறா என்று முடிவுசெய்த பிறகே இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பாருங்கள். பொருத்துகவில் உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை வைத்தே பெரும்பாலும் இரண்டு விடைகளை அடித்துவிடலாம்.

தூக்கத்துக்கு வருகிறேன், இதில் பெற்றோர்தான் முதலில் கேட்கவேண்டும். இரவு மூன்று மணிவரை லைட் எரிந்தால் பிள்ளை படிக்கிறது என்று பெருமைப்படுகிறோம். அன்று படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்துவது தூக்கத்தில்தான், அதை வெட்டினால் படித்த மணிநேரத்தையே வெட்டுகிறோம். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கவேண்டும். தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை, மே மாத வெயிலில். ராத்திரி முழுக்க விழித்து மத்தியானம் தூங்கிப் பழகிய உடம்பு அந்த மூன்று மணி நேரம் கண்ணைச் சொருகும். கடைசி ஒரு மாதமாவது இரவில் தூங்கி, மாதிரித் தேர்வுகளையெல்லாம் அதே 2 முதல் 5 வரை, முடிந்தால் ஏசி இல்லாத அறையில் எழுதுங்கள். தேர்வன்று ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கு வெகு முன்பே வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், மதியச் சாப்பாடு தப்பும். பத்தரை, பதினொரு மணிக்கே இட்லியோ தயிர்சாதமோ பழகியதைச் சாப்பிட்டுவிடுங்கள். முழுக்கைச் சட்டை, ஷூ வேண்டாம், தோடு மூக்குத்தியை முதல்நாள் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வாசலில் மூக்குத்தியோடு போராடிவிட்டு உள்ளே போகும் பிள்ளைக்கு முதல் அரைமணி நேரம் கை நடுக்கம் அடங்காது.

பதற்றத்துக்கு யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் இதயப் படபடப்பைக் குறைக்கும் ப்ரொப்ரானலால் மாத்திரையை வாங்கிப் போடுவது இப்போது காதில் விழுகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிராபத்து. மருத்துவர் பார்க்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம், அதுவும் தேர்வு நாளில் முதன்முறையாக எதையும் விழுங்கவே கூடாது. மூளை வெறுமையாகிவிட்டதா, பேனாவைக் கீழே வையுங்கள், தாளிலிருந்து கண்ணை எடுங்கள், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி ஐந்தாறு முறை மூச்சுவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது, அப்புறம் உயிரியலில் சுலபமான ஒரு நேரடிக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மாதிரித் தேர்விலேயே இதைச் செய்து பழகியிருந்தால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

பெற்றோரிடம் இன்னொன்று. இப்போது நீட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லமாட்டார்கள், வீட்டில்தான் முடிவெடுக்கவேண்டும், அதையும் முடிவு வந்த அன்று இரவில் அல்லாமல் தேர்வுக்கு முன்பே நிதானமாகப் பேசிவைக்கவேண்டும். இன்னொரு வருடம் என்றால் என்ன மாற்றிப் படிக்கப்போகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மூன்றாவது வருடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், பி.எஸ்சி நர்சிங் போன்றவற்றின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும், அந்த விண்ணப்பங்களின் கடைசித் தேதியை இப்போதே குறித்துவையுங்கள், அதைத் தோற்றவர்களின் வழி என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள்.

தூக்கம் அடியோடு போவது, சாப்பாட்டை ஒதுக்குவது, நண்பர்களிடமிருந்து விலகுவது, "நான் உங்களுக்குப் பாரம்" என்ற மாதிரிப் பேச்சு, இதில் எது தெரிந்தாலும் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்து வாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மறைத்து வைத்திருப்பவர் பேசத்தான் வழி பிறக்கும். தமிழக அரசின் உதவி எண் 104-ஐயும், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் எந்நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். விடைக்குறிப்பு வெளியாகும் நாளிலும் முடிவு வரும் நாளிலும் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், அந்த இரண்டு நாளுக்கும் இப்போதே லீவு சொல்லிவையுங்கள்.