எந்தச் சித்தூர்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது என் வேலை. சொந்த ஊர் அதே மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், அலுவலகக் கோப்பில் மலையாளமும் ஆங்கிலமும். எல்லைப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இது பழக்கம்தான்.

சென்ற ஆண்டு நான்கு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்) ஆபரேட்டர்கள் தேவைப்பட்டார்கள். பெரிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பணம் கட்டி விளம்பரம் போட்டோம். ஒரே வாரத்தில் முந்நூறுக்கு மேல் விண்ணப்பங்கள். முதலாளிக்கு மகிழ்ச்சி, எனக்குத் தலைவலி. பாதிப் பேர் பொறியியல் பட்டதாரிகள். புனே, ஹைதராபாத் முகவரிகள். தொலைபேசியில் அழைத்தால், "கஞ்சிக்கோடு எங்கே இருக்கிறது சார்?" என்கிறார்கள். நேரில் வந்தவர்கள் ஆறு பேர். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஒரு தண்டின் விட்டத்தை அளக்கச் சொன்னேன். சரியாகச் சொன்னவர் ஒருவர்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் 'கேரளம்' என்ற வடிகட்டியை எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் புரட்டினேன். 'சித்தூர், ஆந்திரப் பிரதேசம்' என்று பதினோரு பேர். அவர்களில் ஒன்பது பேரின் பின்கோடு 678 என்று தொடங்கியது. அது பாலக்காடு, ஆந்திரச் சித்தூருக்கு 517. தளத்தின் ஊர்ப் பட்டியலில் ஒரே ஒரு சித்தூர்தான் இருந்திருக்கிறது. எங்கள் தாலுகா பிள்ளைகள் வேறு வழியின்றி அதையே தொட்டிருக்கிறார்கள். நான் போட்ட வடிகட்டியே அவர்களை மாநிலம் கடத்திவிட்டது.

மாநில எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் இதே கதை. விளம்பரத்தில் பாலக்காடு மாவட்டம் என்று மட்டும் குறித்தால், எட்டிமடையிலும் மதுக்கரையிலும் இருக்கும் ஐ.டி.ஐ. பையனின் கைப்பேசியில் அது தெரியாமலே போகலாம். அவன் ஊரும் கஞ்சிக்கோடும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. இப்போது பணியிடம் என்ற இடத்தில் கோயம்புத்தூரையும் சேர்த்தே போடுகிறேன்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விண்ணப்ப எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நமக்கு வேண்டிய ஆள் எந்தத் திரையைப் பார்க்கிறார் என்று பாருங்கள். கணக்காளர், அனுபவமுள்ள பொறியாளர் என்றால் 1997இல் தொடங்கிய நௌக்ரி போன்ற தளங்கள் சரி. மேலாளருக்கு லிங்க்டுஇன். ஆபரேட்டரும் வெல்டரும் சுயவிவரம் தட்டச்சு செய்து வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கைப்பேசிச் செயலிகளே தோது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய என்.சி.எஸ். என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் கட்டணமே இல்லை. ஆனாலும் சிறு தொழிற்சாலைக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது எப்படியும் சட்டக் கட்டாயம். அதற்கான அரசுத் தளத்தில் ஆள் எடுத்தால், பயிற்சிக் காலத்திலேயே கைப்பக்குவத்தைப் பார்த்துவிடலாம். என் அனுபவத்தில் நேர்காணலைவிட இது நம்பகமானது.

பணம் கட்டுவதற்கு முன் விற்பனைப் பிரதிநிதியிடம் ஒன்று கேளுங்கள்: "கடந்த முப்பது நாளில் பாலக்காட்டிலும் கோவையிலும் எத்தனை ஐ.டி.ஐ. ஃபிட்டர்கள் உள்ளே வந்தார்கள்?" நாடு முழுக்க இத்தனை கோடிப் பேர் என்று பேச்சை மாற்றினால், காசோலைப் புத்தகத்தை மூடி வையுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளம்பரம் கொடுப்பவர் உண்மையான நிறுவனமா என்று தளம் சரிபார்க்கிறதா? ஒரு திங்கட்கிழமை காலை, வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மா மகனுடன் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் எங்கள் முத்திரையுடன் பணி நியமனக் கடிதம். முத்திரையில் எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் எழுத்து குறைவு. "ரெண்டாயிரத்து ஐந்நூறு கட்டினோம் ஐயா, ரசீதுகூட இருக்கிறது" என்று மடித்து வைத்த தாளைப் பிரித்தார். யாரோ எங்கள் பெயரில் போட்ட விளம்பரம். இணைய மோசடிக்கான 1930 எண்ணில் புகார் பதிவு செய்ய உதவினேன், பணம் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் விளம்பரத்தின் முதல் வரி, தமிழிலும் மலையாளத்திலும்: 'எந்தக் கட்டணமும் கிடையாது.' அடுத்த வரியில் சம்பளம், இரவு ஷிப்ட் உண்டா என்பது, ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்.

சித்தூர் விவகாரத்தை அந்தத் தளத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. பட்டியலில் இன்றும் ஒரே ஒரு சித்தூர்தான் இருக்கிறது.