பீரியட் 45 நிமிடம்; கற்றல் எத்தனை நிமிடம்?

கால அட்டவணையில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். வருகைப் பதிவு, நோட்டு வசூல், "நேற்று எதில் விட்டோம்?" என்ற விசாரணை எல்லாம் முடிந்து பாடம் தொடங்குவதற்குள் அதில் ஒரு பங்கு கரைந்துவிடும். சரி, மீதி நேரமாவது முழுக்கக் கற்றலா? அதுவும் இல்லை.

1963-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கேரல் ஒரு கணக்குப் போட்டார். ஒன்றைக் கற்க மாணவருக்கு எவ்வளவு நேரம் தேவை, அதில் எவ்வளவை அவர் உண்மையில் செலவிட்டார் என்ற விகிதம்தான் கற்றலைத் தீர்மானிக்கிறது என்றார். 1970-களில் கலிஃபோர்னியாவில் வகுப்புகளைக் கவனித்த ஆய்வாளர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். ஒதுக்கிய நேரத்துக்குள் மாணவர் கவனம் வைத்த நேரம்; அதற்கும் உள்ளே, தனக்கேற்ற வேலையைப் பெரும்பாலும் சரியாகச் செய்த நேரம். மதிப்பெண் உயர்ந்தது இந்தக் கடைசி நேரம் கூடிய வகுப்புகளில்தான். சிறப்பு வகுப்பு வைத்தே தீருவேன் என்பவர்கள் முதலில் இதைக் கவனிக்கலாம்.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். "நண்பகலில் நிழல் ஏன் குட்டையாகிறது?" என்று ஆசிரியர் கேட்கிறார். முதல் பெஞ்சில் ஒரு கை உயர்கிறது, பதில் வருகிறது, "சரி, உட்கார்." மூன்றாவது பெஞ்சுக்காரர் அப்போதுதான் சூரியனைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, அங்கிருந்து மனதுக்குள் ஒரு கோடு இழுக்கத் தொடங்கியிருப்பார். பதில் வந்ததும் அந்தக் கோடு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ கண்டறிந்தார். 1974-ல் வெளியான முடிவுகளின்படி, 3 விநாடியோ அதற்கு மேலோ பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பதிலே வராத கேள்விகள் குறைகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். பதில் வந்தபின்னும் அதே அளவு பொறுக்க வேண்டும்; "ஏனென்றால்..." என்று மாணவர் தொடர்வது அந்த இடைவெளியில்தான். வகுப்பின் முன் நிற்பவருக்கு 3 விநாடி மௌனம் யுகமாகத் தோன்றும் என்பதுதான் சிக்கல்.

அப்புறம், தொடக்க நிமிடங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முன்னே. நினைவிலிருந்து தேடி எடுக்கும் முயற்சியே நினைவைப் பலப்படுத்துகிறது. எனவே நேற்றைய பாடத்தை ஆசிரியரே சுருக்கிச் சொல்வதைவிட, புத்தகத்தை மூடி மூன்று வரி எழுதச் சொல்வது லாபம். அவர்கள் எழுதும்போதே வருகைப் பதிவும் முடிந்துவிடும். அப்படியே ஒரு சுற்று நடந்து தாள்களைப் பார்த்தால், பாதிப் பேர் ஒரே இடத்தில் தடுமாறியிருப்பது தெரியலாம். அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.